வராபி: ஜப்பானின் மிகச் சிறிய நகரத்தில் நான்கு நாள்

ஜனவரி 11, 2025, சனி

இந்த ஊரை நான் முதலில் பார்த்தது, இங்கே நிற்காமல் போகிற ரயிலின் சன்னல் வழியாக.

அக்கா மகள் தோக்கியோவில் வேலை பார்க்கிறாள். வீடு மட்டும் வடக்கே, சைத்தாமா மாநிலத்து வராபியில். "உவேனோவில் ஆகாய நீலக் கோடு போட்ட ரயிலில் ஏறுங்க சித்தி, வேற எதுலயும் ஏறாதீங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாள். இரவு முழுக்க விமானத்தில் தூக்கமில்லை. கதவு திறந்திருந்த ரயிலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டேன். அதன் கோடு ஆரஞ்சும் பச்சையும். அகாபானே தாண்டி ஒரு நீளமான ஆற்றுப் பாலம் வந்தது. அப்புறம் நெருக்கமாக வீடுகள், துணி காயும் பால்கனிகள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு நடைமேடை விர்ரென்று கடந்து போனது. பெயர்ப் பலகையில் வராபி. எழுந்து நின்று பெட்டியின் கைப்பிடியைப் பிடிப்பதற்குள் ஊரே முடிந்துவிட்டது. ரயில் உராவாவில்தான் நின்றது.

அங்கே ஒரு வயதான அம்மாவிடம் கைபேசியில் ஊர்ப் பெயரைக் காட்டினேன். அவருக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். கையில் காய்கறிப் பை. வழி சொல்லிவிட்டுப் போகவில்லை, கூடவே படி இறங்கி, இன்னொரு படி ஏறி, நீலக் கோட்டு ரயில் நிற்கும் இடம் வரை வந்தார். "வராபி" என்று சொல்லிவிட்டு, விரல்களைக் கிட்டே கொண்டுவந்து "சீசாய், சீசாய்" என்றார். சின்னது என்று அர்த்தமாம், பிறகு அக்கா மகள் சொன்னாள். ரயில் கிளம்பும்வரை நின்று, தலை குனிந்து வணங்கி அனுப்பினார்.

இரண்டாவது நிலையத்தில் இறங்கினேன். அக்கா மகள் வாசலில் நின்றாள். "ஊரையே தாண்டிப் போயிட்டீங்களா சித்தி!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு ஆறாவது மாடியில், ஒரே அறை. வாடகை 68,000 யென். நம் பணத்தில் சுமார் 37,000 ரூபாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தோக்கியோவில், இதே அளவு வீட்டுக்கு இன்னும் முப்பதாயிரம் யென் கூட கேட்டார்களாம். ரசம் வைத்திருந்தாள். சாப்பிடும்போதுதான் இந்த ஊரைப் பற்றிச் சொன்னாள். பரப்பளவு 5.11 சதுர கிலோமீட்டர். ஜப்பானில் 'நகரம்' என்ற தகுதி உள்ளவற்றில் இதைவிடச் சின்னது கிடையாது. கிராமங்களையும் சேர்த்தால் தோயாமா மாநிலத்தில் ஃபுனஹாஷி என்று ஒன்று இதைவிடச் சிறியது. மனதில் கணக்குப் போட்டேன், 1,263 ஏக்கர் வருகிறது. நம் பக்கத்து ஒரு பெரிய ஏரி நிறைந்தால் அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் 74,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 14,500 பேர். தோக்கியோவின் 23 வார்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நாட்டிலேயே நெருக்கமான நகரம் இதுதான்.

இவ்வளவு சொன்னாள். ஆனால் சன்னலைத் திறந்தால் சத்தமே இல்லை. ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. எனக்கு அது புரியவில்லை. நாளை நடந்து பார்க்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் உதடு வெடித்திருந்தது. கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று மின்சாரம் அடிக்கிறது. மழையைக் கண்டு பல நாள் ஆகிறதாம். வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம், வெயில் இருக்கிறது, ஆனால் சூடு இல்லை. இரவில் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு மதியம் பத்து டிகிரிக்கு வருகிறது. தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

நிலையத்தின் மேற்கு வாசலிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் பழைய நகசெந்தோ சாலை. எதோ காலத்தில், அதாவது தோக்கியோ நகரம் எதோ என்ற பெயரில் இருந்தபோது, அங்கிருந்து கியோத்தோவுக்கு மலை வழியாகப் போன நெடுஞ்சாலை இது. வழியில் 69 தங்கல் ஊர்கள். எதோவிலிருந்து வந்தால் முதல் ஊர் இதாபாஷி, இரண்டாவது வராபி. இரண்டுக்கும் நடுவில் அரகாவா ஆறு. அப்போது பாலம் கிடையாது, தோடா துறையில் படகுதான். ஆறு பெருகினால் படகை நிறுத்திவிடுவார்கள். கடக்க வந்தவர்கள் தண்ணீர் வடியும்வரை இங்கேதான் காத்துக் கிடக்க வேண்டும். கெய்சாய் எய்சென் என்ற ஓவியர் அந்தத் துறையை மர அச்சில் வரைந்திருக்கிறார். படகில் குதிரை, மூட்டை, ஆட்கள் என்று எல்லாம் நெருக்கியடித்து நிற்கிற படம்.

நகராட்சியின் வரலாற்று அருங்காட்சியகம் இந்தச் சாலையிலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை. உள்ளே நானும் ஒரு பெரியவரும் மட்டும். அவர் அங்கே உதவிக்கு இருப்பவர். நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் கைபேசியில் மொழிபெயர்ப்பைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கூடவே வந்தார். அவசரமே இல்லை. 1843ஆம் ஆண்டுக் கணக்கைக் காட்டினார்: வீடுகள் 430, மக்கள் 2,223, பிரபுக்களுக்கான பெரிய விடுதிகள் 2, அவற்றுக்குத் துணையாக ஒன்று, சாதாரணப் பயணிகளின் சத்திரங்கள் 23. 'வீட்டுக்கு ஐந்து பேர்' என்று அவரே வகுத்து விரல்களைக் காட்டினார்.

பேரரசர் குடும்பத்துப் பெண் கசுனோமியா, 1861இல் ஷோகுனை, அதாவது எதோவிலிருந்து நாட்டை ஆண்ட படைத்தலைவரை, மணக்க கியோத்தோவிலிருந்து இந்த வழியாகத்தான் போனாள். எதோவை அடையும் முன் இந்த ஊர்ப் பெரிய விடுதியில் இளைப்பாறினாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மனமில்லாத கல்யாணம். ஆற்றைக் கடந்தால் திரும்பி வர முடியாது என்று தெரிந்து இங்கே உட்கார்ந்திருப்பாள். விடுதி இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன மர வாசலும் பலகையும் இருக்கின்றன. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

பெரியவர் ஒன்றை மட்டும் பார்க்காமல் போகக்கூடாது என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார். தங்கல் ஊரைச் சுற்றி அப்போது ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலை ஒட்டிய வீடுகளின் பின்வாசலில் சின்னச் சின்னத் தூக்குப் பாலங்கள். பகலில் இறக்கி, இரவில் தூக்கிவிடுவார்கள். அதில் ஒன்று இன்னும் இருக்கிறது. தேடிப் போனேன். நம் வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றிச் சாய்த்து வைத்த அளவுதான். பலகை கருத்து, ஓரம் மழையில் உளுத்து, ஆணிகளைச் சுற்றித் துரு வளையங்கள். கீழே தண்ணீர் இல்லை, உலர்ந்த தரை. இரவில் இதைத் தூக்கிவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது. விடுதிகளில் வைத்திருந்த பெண்கள் வெளியே ஓடவும் முடியாது. அந்தச் சின்னப் பலகையைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

திரும்பும் வழியில் அரிசி அப்பளம் சுடும் கடை. செம்பேய் என்கிறார்கள். கரி அடுப்பு மணமும் சோயா சாறு கருகும் மணமும் தெரு முனைவரை வருகிறது. ஒன்று 90 யென். கடைக்கார அம்மா சூடாக ஒன்றை எடுத்து, தூரிகையால் இன்னொரு முறை சோயா தடவி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கடையிலேயே நின்று தின்றுவிட்டுத்தான் நகர்ந்தேன். நடைபாதையில் 69 தங்கல் ஊர்களின் படங்களை ஓடுகளில் பதித்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நடந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

இரவு அக்கா மகள் ஒரு குர்திய உணவகத்துக்கு அழைத்துப் போனாள். எனக்கு அது புதிய செய்தி. துருக்கியிலிருந்து வந்த குர்திய மக்கள் 1990களிலிருந்து இந்த ஊரிலும் பக்கத்து கவாகுச்சியிலும் இருக்கிறார்கள். இரண்டிலும் சேர்த்து இரண்டாயிரம் பேருக்கு மேல். பழைய கட்டடங்களை இடிக்கிற வேலையில் நிறையப் பேர். 'வராபிஸ்தான்' என்றுகூட ஒரு பெயர் உண்டாம். பருப்பு சூப்பைக் குடித்ததும் மனசு சமாதானமாகிவிட்டது, நம் கடைந்த பருப்பில் எலுமிச்சை பிழிந்த ருசி. மெல்லிய ரொட்டியில் கொத்துக்கறி பரப்பிச் சுட்ட லஹ்மாஜுன், உப்பு போட்ட மோர், சின்னக் கண்ணாடிக் குவளையில் கட்டன் தேநீர். இரண்டு பேருக்கும் சேர்த்து 3,400 யென்.

பரிமாறிய பையன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஜப்பானிய மொழி ஊர்க்காரர் மாதிரிப் பேசுகிறான் என்றாள் அக்கா மகள். மூலையில் ஒருவர் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்து, பையன் மூலம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். தோக்கியோவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். இன்னும் போகவில்லை என்றேன். "நானும்தான்" என்றாராம்.

அப்புறம் பையன் விளக்கினான். இவருக்கு அகதி விண்ணப்பம் நிலுவையில். 'கரிஹோமென்' என்ற தற்காலிக விடுவிப்பில் இருக்கிறார். அப்படி இருப்பவர்கள் வேலை செய்யக்கூடாது, மருத்துவக் காப்பீடு கிடையாது, அனுமதி வாங்காமல் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது. ரயிலில் ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம். அதற்கு முதலில் ஒரு தாள் வேண்டும். இந்தப் பகுதியில் அவர் பதினோரு வருடமாக இருக்கிறார். ஜப்பானில் அகதி என்று ஏற்கப்பட்ட துருக்கிக் குர்தியர் என்று பார்த்தால், 2022இல் நீதிமன்றம் போய் வென்ற ஒரே ஒருவரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கடந்த இரண்டு வருடமாக இந்த நிலையத்து வாசலில் நின்று, இவர்களைத் திரும்பிப் போகச் சொல்லிக் கூச்சல் போடுகிற கூட்டங்களும் நடக்கின்றனவாம்.

கிளம்பும்போது அவர் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். எங்கள் தேநீருக்குக் காசு வாங்கக்கூடாது என்று ஏற்கெனவே பையனிடம் சொல்லியிருந்தார்.

ஜனவரி 13, திங்கள்

இன்று போகி. இங்கே வயதுக்கு வந்தோர் தினம், அரசு விடுமுறை. ஜனவரியில் இரண்டாவது திங்கள்.

இந்த விடுமுறை பிறந்ததே இந்த ஊரில்தான் என்பது எனக்கு முன்பு தெரியாது. போர் முடிந்து ஒரு வருடம் ஆன சமயம். ஊரெல்லாம் பசி, தோல்வி. வராபி இளைஞர் சங்கத் தலைவர் தகாஹாஷி ஷோஜிரோ, 1946 நவம்பர் 22 அன்று ஒரு பள்ளி மைதானத்தில் கூடாரம் அடித்து, இருபது வயது ஆனவர்களைக் கூப்பிட்டு விழா எடுத்தார். இனி நாடு உங்கள் கையில் என்று தைரியம் சொல்வதற்காக. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் செய்தன. 1948இல் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு முதல் நாடு முழுக்க விடுமுறையானது. மற்ற ஊர்களில் இதை 'செய்ஜின்-ஷிகி' என்பார்கள், இவர்கள் மட்டும் பழைய பெயரை விடாமல் 'செய்னென்-ஷிகி' என்கிறார்கள். ஒரு எழுத்து வித்தியாசம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது ஊர்க்காரர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

கோட்டை இருந்த இடத்துப் பூங்காவில் இதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. போனபோது ஃபுரிசோதே உடுத்திய பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கை தொங்கும் நீளக் கிமோனோ, கழுத்தில் வெள்ளை மென்மயிர்ச் சுற்று, தலையில் பூ. ஒரு பெண்ணின் மரச் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவளுடைய பாட்டி கைக்குட்டையைக் கிழித்து, பெஞ்சில் உட்கார வைத்து, காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக் கட்டிவிட்டார். பட்டு அழுக்காகுமே என்று பேத்தி பதறினாள், பாட்டி காதில் வாங்கவில்லை. நம் வீட்டுச் சடங்கிலும் இதே மாதிரி ஒரு பாட்டி இருப்பார்.

மதியம் எல்லையைப் பிடித்து நடந்தோம். இதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. கிழக்கே, வடக்கே கவாகுச்சி, தென்மேற்கே தோடா, வடக்கே கொஞ்சம் சைத்தாமா நகரம். மலை இல்லை, மேடு இல்லை, பெரிய ஆறும் ஊருக்குள் இல்லை. ஆற்றுச் சமவெளி, கை வைத்துத் தடவிய மாதிரித் தட்டை. அதனால் எல்லையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சாக்கடை மூடியில் உள்ள முத்திரையைப் பார்த்துத்தான் ஊர் மாறியதை உணர முடிகிறது. ஒரு சந்தில் இடப்பக்க வீடுகள் வராபி, வலப்பக்கம் கவாகுச்சி. குப்பை போடும் கிழமைகூட வேறு.

கவாகுச்சியில் ஆறு லட்சம் பேர். அதனோடும், இதே மாதிரிக் குட்டியான ஹதோகாயாவோடும் சேர்ந்து ஒரே நகரமாக ஆகிவிட 2000களின் தொடக்கத்தில் பேச்சு நடந்தது. புதுப் பெயராக 'புனான்' என்று தேர்ந்தெடுத்தார்கள். பெயரில் தகராறு வந்து 2004இல் எல்லாம் கலைந்துவிட்டது. ஹதோகாயா 2011இல் கவாகுச்சிக்குள் போய்விட்டது. வராபி மட்டும் 1959இல் நகரமான அதே அளவில் இன்றும் நிற்கிறது. அது நல்லதுதான் என்பது என் எண்ணம். நடந்தே சுற்றி வரக்கூடிய ஊருக்குத் தனியாக ஒரு நகராட்சி, நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெரியவர் எனக்கு ஒதுக்கிய ஒன்றரை மணி நேரம் பெரிய ஊரில் கிடைத்திருக்காது.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஷிபசோனோ குடியிருப்பு இருக்கிறது. பதினைந்து மாடி, மதில் மாதிரி நீண்டு நிற்கும் கட்டடங்கள், 1978இல் கட்டியவை. குடியிருப்பவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனர்கள். இறங்க வேண்டிய நிலையம் வராபி, கட்டடம் நிற்கும் மண் கவாகுச்சி. வராபிக்குள்ளும் பத்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக்காரர். கீழே திடலில் ஜப்பானியத் தாத்தாக்கள் வெயில் காய்ந்தார்கள். சீனப் பாட்டிகள் பேரக் குழந்தைகளை உருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு கூட்டமும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு குழந்தை பந்தை உதைத்து அந்தப் பக்கம் விழுந்தபோது, ஒரு தாத்தா எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார்.

வழியில் பொங்கலுக்குச் சாமான் வாங்கினோம். முட்டைக்கோஸ் ஒன்று 498 யென்! இந்த வருடம் விளைச்சல் கெட்டு விலை ஏறிவிட்டதாம். கடையில் எல்லோரும் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள். வங்காளதேசத்துக்காரர் நடத்தும் மளிகைக் கடையில் பாசிப்பருப்பு, ஏலக்காய், முந்திரி கிடைத்தன. வெல்லம் தீர்ந்துவிட்டது. ஒகினாவாவின் கறுப்புச் சர்க்கரையை வாங்கினோம். கரும்புச் சாற்றைக் காய்ச்சி அப்படியே கட்டியாக்குவதுதான். மோந்து பார்த்தேன், அச்சு நம் வெல்ல மணம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல்.

மின் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும், அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. வழிந்தால் தானாக நிறுத்திக்கொள்ளுமாம். துடைத்துவிட்டு மறுபடி போட்டோம், மறுபடி பொங்கியது, மறுபடி அணைந்தது. சுவர் மெல்லியது என்பதால் "பொங்கலோ பொங்கல்" என்று இரண்டு பேரும் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டோம். சன்னலுக்கு எதிரே சூரியன் வந்துவிட்டான். ஜப்பானிய அரிசி ஒட்டும் என்பதால் பொங்கல் நன்றாகக் குழைந்து வந்தது. நிறம் மட்டும் நம்மூரைவிடக் கறுப்பு.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டு போனோம். தனியாக இருப்பவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் கிண்ணம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே மூன்று கமலா ஆரஞ்சு. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காதே என்று என் அம்மா திட்டியது நினைவுக்கு வந்தது. "வேர்க்கடலையா போட்டீங்க?" என்று கேட்டாராம். முந்திரி என்று அக்கா மகள் சொன்னதும் சிரித்தார்.

அவளுக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. நான் மட்டும் மதியம் பழைய சாலையைப் பிடித்துத் தெற்கே நடந்தேன். வராபி முடிந்து தோடா வந்தது, ஒரு மணி நேரத்தில் அரகாவாவின் கரை. கரை நம் ஏரிக்கரை மாதிரி உயரம், மேலே ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. படகுத் துறை இருந்த இடத்துக்கு அருகே 1875இல் முதல் மரப் பாலம் கட்டினார்கள். இப்போதிருப்பது அகலமான இரும்புப் பாலம், லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. மேற்கே வானம் தெளிந்திருந்ததால் ஃபூஜி மலை தெரிந்தது, வெள்ளைத் தலையோடு, கையளவில்.

பாலத்தில் நடந்தேன். ஆற்றின் நடுவில் மாநில எல்லை. கம்பத்தில் பலகை: இந்தப் பக்கம் சைத்தாமா, அந்தப் பக்கம் தோக்கியோ, இதாபாஷி வார்டு. தரையில் கோடுகூடக் கிடையாது. என்னைத் தாண்டி ஒரு பள்ளிப் பையன் சைக்கிளில் போனான், ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு போனாள். என்னிடம் பதினைந்து நாள் விசா. நானும் ஒரு அடி எடுத்து வைத்தேன், அவ்வளவுதான், தோக்கியோ. அந்தக் கடையில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தவர் இந்த ஒரு அடிக்குத்தான் தாள் எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறார்.

கைபேசி அடித்தது. "சித்தி, எங்க இருக்கீங்க? இருட்டப் போகுது."

"பாலத்துல நிக்கிறேன்மா. இதோ திரும்பிட்டேன். மீதிப் பொங்கல் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு டப்பாவில போட்டு வை. ராத்திரி அந்தக் கடைக்குப் போய்ட்டு வந்துடலாம்."